கத்தி பட்ட விதை

விஜயலட்சுமிக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது என்னைத் திட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அதற்காகவே ஓர் எருமை வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அவள் கொல்லைக்கும் என் கொல்லைக்கும் நடுவில் இருக்கிற வரப்பில் அதைக் கட்டுவாள். அதன் மூஞ்சியைப் பார்த்து, எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லுவாள்.

"ஏ எருமை, உனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? கொல்ல பூரா தேமலு புடிச்சி நிக்குது, பாத்துக்கினு நிக்கிறியே. வெக்கமா இல்ல?"

எருமை பாட்டுக்கு அசைபோடும். நான் களை பிடுங்குகிற கையை நிறுத்தாமல் என் மண்வெட்டியிடம் பதில் சொல்லுவேன். "சிலதுங்களுக்கு அடுத்த வூட்டு அடுப்புல இன்னா வேவுதுன்னு பாக்கலன்னா தூக்கமே வராது." பாகம் பிரித்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட லட்சணம் இதுதான்.

அவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் பகலவனின் அண்ணன் செல்லமுத்துவின் பெண்டாட்டி. கச்சிராயபாளையத்தைத் தாண்டி கோமுகி வாய்க்கால் திரும்புகிற இடத்தில் எங்கள் நிலம். சுற்றிலும் கரும்பு. எங்கள் இரண்டு துண்டில் மட்டும் என் மாமனார் காலத்திலிருந்து சேனைக்கிழங்கு. பாகம் பிரித்தபோது நிலத்தில் வரப்பு போட்டார்கள், வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பினார்கள், உரலைக்கூட விடாமல் எனக்கா உனக்கா என்று இழுத்தார்கள். விதையை மட்டும் பிரிக்கவில்லை. விதைக்கிழங்கு மூத்த வீட்டில்தான் இருக்க வேண்டும், மூத்த மருமகள் கையால்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பங்காளிகளுக்குள் உள்ள வழக்கம். அதனால் ஒவ்வொரு வருஷமும் நான் வெட்டியெடுத்த கிழங்கில் வீட்டுக்கு வேண்டியது, விற்க வேண்டியது போக மீதியை அவள் வீட்டுக் குவியலில் கொண்டுபோய்க் கொட்டுவேன். சித்திரை பிறந்ததும் அவள் முன்னால் போய்க் கூடையை நீட்டிக்கொண்டு நிற்பேன். அந்த ஒரு நாளுக்காகவே அவளை எனக்குப் பிடிக்காது.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய சேனைக்கிழங்கைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் முளை இருக்கிற மாதிரி பார்த்து, சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி நடலாம். சின்னக் கிழங்கு என்றால் வெட்டாமல் முழுசாகவே நடலாம். ஆனால் பங்காளி வீட்டுக்குக் கத்தி பட்ட விதையைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்த வீட்டோடு எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் நல்லதுக்கும் கூப்பிட மாட்டார்கள், கெட்டதுக்கும் வர மாட்டார்கள். அதனால் விஜயலட்சுமி தனக்கு வெட்டி வைத்துக்கொள்வாள், எனக்கு முழுசாகக் கொடுப்பாள்.

போன வருஷம் என் கொல்லையில் தேமல் வந்தது. முதலில் இரண்டு செடி. இலை விரியும்போதே பச்சையும் வெளிர்மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. பிறகு இலை சுருங்கிச் சுருங்கி, சில செடியில் வெறும் நாடா மாதிரி தொங்கியது. மருந்துக் கடைக்காரன் கொடுத்த பொடியைக் கரைத்து அடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கிழங்கு எடுத்தபோது விளாம்பழம் அளவு இருந்தது. விஜயலட்சுமி கொல்லையில் ஒவ்வொன்றும் ஒரு குடம். தெரு முழுக்க என் கை ராசியில்லாத கை என்று ஆகிவிட்டது. எருமையிடம் சொன்னது தெருவுக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை.

இந்த வருஷமும் ஆடியில் இலை விரிந்தது. மறுபடியும் தேமல். அதுவும் போன வருஷத்தைவிட ஜாஸ்தி.

பகலவன் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டுகிறார். யாரிடமும் சண்டைக்குப் போகாதவர் என்று ஊரில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரை எல்லாம் என் தலையில்தான் சம்பாதித்தார். ஒரு சாயங்காலம் கால் கழுவிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"எழிலு, அண்ணன் ஒரு யோசன சொல்றாரு."

"இன்னா யோசன?"

"இந்த தடவயும் கெழங்கு தேறலன்னா, நம்ம கொல்லையையும் சேத்து அவரே கரும்பு வெச்சிடுறாராம். வெட்டுனதும் நம்ம பங்க குடுத்துடுறாராம். ஒனுக்கும் கஷ்டம் கம்மி."

"அப்ப நான்?"

"நீ... வேல இருந்தா போ. அண்ணனே கூப்புடுவாரு கரும்பு வெட்ட."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் கொல்லையில், நான் வரப்பு அணைத்த மண்ணில், அவர்களிடம் கூலிக்குக் கரும்பு வெட்ட வேண்டுமாம். அதுவும் விஜயலட்சுமி வரப்பில் நின்று வேலை வாங்குவாளாம். "வர்ற சித்திரைல என் கையால வெத போடுவேன். அது முடியலன்னா நீ யாருக்கு வேணா குடு" என்றேன். அவர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் ஒப்புக்கொண்டார் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நிலம் என் கையில் இருக்குமா போகுமா என்பது அந்த விதையில்தான் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுவாரம் காலையில் கொல்லைக்குப் போனால் வரப்போரத்துச் செடிகளைக் காணவில்லை. வேரோடு பிடுங்கி என் பக்கமே வீசிக் கிடந்தது. விஜயலட்சுமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையெல்லாம் மண்ணாக, வரப்பிலேயே நின்றிருந்தாள். ஓடி ஒளியவில்லை. அன்றைக்கு எருமையும் தேவைப்படவில்லை.

"நான்தான் புடுங்குனேன். இன்னா பண்ணுவ?"

"எவ கொல்லையில வந்து எவ கை வெக்கிறது? போலீசுக்குப் போவேன்."

"போ. போயி, என் கொல்லையில நோவு வெச்சிருக்கேன், அதப் பக்கத்து கொல்லைக்கும் ஏவி வுட்டேன்னு சேத்துச் சொல்லு. இங்க பாரு." தன் பக்கத்து வரப்போரச் செடிகளைக் காட்டினாள். நாலைந்து இலையில் மஞ்சள் திட்டு. "இத்தினி வருசத்துல என் கொல்லையில இது வந்ததில்ல. உன் பீடதான் இங்க தாண்டி வந்திருக்குது."

"உன் வாய்தான்டி பீட."

"முழுக் கொல்லையையும் கொளுத்து. இல்லன்னா நானே கொளுத்துவேன்."

நான் பிடுங்கிக் கிடந்த செடி ஒன்றைத் தூக்கி அவள் காலடியில் வீசினேன். அவள் அதைக் காலால் எத்தினாள். வாய்க்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரும் விலக்கவில்லை. இலவசமாகக் கிடைப்பதை யார் விலக்குவார்கள்?

போலீசுக்குப் போகவில்லை. தோட்டக்கலைத் துறையில் வேலை பார்க்கிற மார்கரெட்டுக்குப் போன் போட்டேன். சங்கராபுரத்துப் பெண். சொந்தமாக நிலம் வைத்திருக்கிற குடும்பம், அதனால் சேற்றில் கால் வைக்க யோசிக்க மாட்டாள். அவள் வந்து விஜயலட்சுமி மேல் ஒரு எழுத்து எழுதிக் கொடுத்தால் போதும் என்பதுதான் என் எண்ணம். ஸ்கூட்டரை வாய்க்கால் கரையில் நிறுத்திவிட்டு வந்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள், அடியில் ஒட்டியிருந்த அசுவினிப் பூச்சியைக் காட்டினாள், ஒரு செடியைத் தோண்டிக் கிழங்கைப் பார்த்தாள்.

"இது வைரஸ் நோவுங்க. தேமல் நோய். மலையில மரவள்ளிக்கும் தேமல் வருதில்ல? அது வேற வைரஸ், இது வேற. ஆனா ரெண்டும் ஒரே மாதிரிதான் ஆட்டம் காட்டும். நீங்க அடிச்ச பொடி பூஞ்சாணத்துக்கு. இதுக்கு ஆவாது."

"அப்ப எதுக்கு ஆவும்? சொல்லுங்க, வாங்கியாறேன்."

"செடிக்கு வந்துட்டா மருந்தே கெடையாதுங்க. நோவு புடிச்சதப் புடுங்கிடணும். இந்த அசுவினி ஒரு செடியில இருந்து பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோவும். ஆனா மொதல்ல கொல்லைக்குள்ள வர்றது வெதையில. வெத எங்க வாங்குனீங்க?"

நான் வரப்புக்கு அந்தப் பக்கம் கை நீட்டினேன். மார்கரெட் யாரையும் கேட்காமல் வரப்பைத் தாண்டி விஜயலட்சுமி கொல்லைக்குள் நடந்தாள். கடைசி வரை போய்த் திரும்பி வந்தாள். வரப்போரம் தவிர எல்லாம் பச்சைப் பசேல் என்று இருந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே குவியல் வெததானுங்களா?"

"ஒரே குவியல்தான்."

"அப்ப அவங்களுக்கு ஏன் வரல?"

அந்தக் கேள்வி என் மண்டையில் இறங்கிய வேகத்துக்கு என் கால் விஜயலட்சுமி வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. மார்கரெட் பின்னாலேயே ஓடி வந்தாள். வாசலில் எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள் விஜயலட்சுமி.

"நோவு வெதையா பாத்துப் பொறுக்கி எனுக்குக் குடுத்துட்டு, நல்லதெல்லாம் நீ வெச்சிக்கினியா? எங்க கொல்லையப் புடுங்கத்தான இந்த வேல? உன் புருசன் யோசனையா, உன் யோசனையா?"

தவிட்டுக் கையோடு எழுந்தாள். இப்படி வெளுத்த முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"இன்னாடி சொன்ன? நானா? சூடம் கொளுத்து, அடிச்சிச் சத்தியம் பண்றேன். பங்காளி வூடுன்னு, ஒரு கீறல் படாம, உருண்டையா, முழுசா, ஒண்ணொண்ணாப் பாத்து இந்தக் கையால எடுத்துக் குடுத்தேன். எனுக்குத்தான் வெட்டுனது. உனுக்குக் கத்தி படாதது. மருவாத குடுத்தா இதாடி பேச்சு?"

"முழுசுன்னா எந்த அளவுங்க?" என்றாள் மார்கரெட்.

"இந்த அளவு." உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். "பெருச முழுசா நட முடியுமா? பொடிசாப் பாத்துத்தான் எடுக்கணும்."

மார்கரெட் கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடி விழுந்தால் யார் பக்கமிருந்து விழும் என்று பார்த்திருப்பாள்.

"அக்கா, கோவப்படாதீங்க. நோவு புடிச்ச செடியில கெழங்கு பெருக்காது. பொடிசாத்தான் நிக்கும். குவியல்ல பொடிசு எல்லாமே நோவுன்னு சொல்ல முடியாது. ஆனா நோவு கெழங்கெல்லாம் பொடிசுலதான் இருக்கும். நீங்க பெருச வெட்டி உங்களுக்கு வெச்சிக்கிறீங்க. பொடிச முழுசா இவங்களுக்குக் குடுக்குறீங்க. வருசா வருசம் நோவு எல்லாம் சேந்து ஒரே கொல்லைக்குப் போயிக்கினே இருக்குது."

தெருவில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. விஜயலட்சுமி தன் கையைப் பார்த்தாள். தொட்டாலே கொல்லை நிறையும் என்று எங்கள் பங்காளிகளில் நாலு வீட்டார் சொல்லிக்கொண்டிருந்த கை அது.

"அப்ப என் கையிலதான் நோவுன்றியா?" என்று மார்கரெட்டைக் கேட்டாள். பிறகு பதிலுக்குக் காத்திருக்காமல், "ஸ்கூட்டர்ல வந்து எறங்கிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா? போம்மா, போ" என்று தவிட்டு வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்ததும் எனக்கு மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. இன்னும் எரிச்சல்தான் ஏறியது. அவள் சதி செய்திருந்தால் நான் நிம்மதியாக அவளை வெறுத்துக்கொண்டு இருந்திருப்பேன். மரியாதை கொடுத்து என் கொல்லையைக் கெடுத்தவளை என்ன சொல்லித் திட்டுவது?

மார்கரெட் சொன்னபடி செய்தேன். இலையில் திட்டு இருந்த செடி ஒவ்வொன்றையும் கிழங்கோடு தோண்டி எடுத்து, வரப்பில் போடாமல், குழி வெட்டிப் புதைத்தேன். பிடுங்கியது என் கைதான். நட்ட கை அது. பாதிக்கு மேல் போய்விட்டது. மிஞ்சியதில் அசுவினி அடையாமல் மருந்து அடித்தேன், அது பறந்து வராமல் வரப்போரம் நெருக்கமாக மக்காச்சோளம் ஊன்றினேன். இலை பச்சையாக இருக்கும்போதே நல்ல செடிக்கு அடையாளம் வைத்துவிட வேண்டும், இலை காய்ந்தபிறகு எது நல்லது எது நோவு என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள் மார்கரெட். என் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் குச்சியில் கட்டி, நல்ல செடிப் பக்கத்தில் எல்லாம் நட்டேன். கொல்லை கட்சிக் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது.

"ஏ எருமை, கொடி நட்டா கெழங்கு பெருத்துடுமா? ஓட்டு கேக்கப் போறாளா?" என்று மக்காச்சோளத்துக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

ஆனால் சில நாள் கழித்துச் சோளத் தட்டையை விலக்கிப் பார்த்தேன். அவள் கொல்லையிலும் குச்சி நின்றது. செல்லமுத்துவின் நீல லுங்கித் துண்டு கட்டிய குச்சி. வரப்போரத்துத் தேமல் செடிகளையும் பிடுங்கியிருந்தாள். என்னைப் பார்த்துத்தான் செய்தாள். அதை அவள் வாயால் ஒப்புக்கொள்ள வைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

தையில் கிழங்கு எடுத்தோம். என் சிவப்புக் குச்சிக் கிழங்கு நன்றாகவே பெருத்திருந்தது. அதை மூத்த வீட்டுக் குவியலில் கொட்டாமல் எடுத்து வைத்தேன். ஆனால் கொல்லை முழுவதும் நட அது காணாது. கால்வாசிதான் வரும். மீதிக்கு மூத்த வீட்டுக் குவியல்தான் வழி. செல்லமுத்து நடுவதற்குக் கரும்புக் கரணைக்கே சொல்லி வைத்துவிட்டார் என்று பகலவன் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். என் நிலத்துக்கும் சேர்த்து.

சித்திரை பிறந்தது. விதை கொடுக்கிற நாளில் கூடைகளோடு போய் அவர்கள் வாசலில் நின்றேன். பகலவனும் வந்திருந்தார். செல்லமுத்து நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். துணி கட்டாத செடிகளின் கிழங்கு, சாம்பல் தூவிய குவியலாக ஒரு பக்கம். அதற்கு எட்ட, நீல லுங்கித் துண்டு போட்ட பெரிய கிழங்குக் குவியல் தனியாக. விஜயலட்சுமி என் முகத்தைப் பார்க்காமல், சாம்பல் குவியலில் குனிந்து, உள்ளங்கை அளவுக் கிழங்காகப் பொறுக்கி ஒரு கூடை நிரப்பினாள். காலால் என் பக்கம் நகர்த்தினாள்.

எத்தனை பேர் சொன்னாலும் வழக்கம் வழக்கம்தானே.

நான் கூடையைத் திருப்பி நகர்த்தினேன். "எனுக்கு இது வேணாம். அந்தப் பெருசுல வெட்டிக் குடு."

செல்லமுத்து போனைக் கீழே வைத்தார். "இன்னா பேசுற எழிலு? தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான் மாமா பேசுறேன்."

"கத்தி பட்டா அவ்ளோதான். இந்த வூட்டுக்கும் அந்த வூட்டுக்கும் அதோட சரி. ஆவணியில அருள்மொழிக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். நீ வாசப்படி மிதிக்கக் கூடாது. என் சாவுக்கும் இவன் வரக்கூடாது."

அருள்மொழி அவர்கள் மகள். பாகம் பிரிக்கும் முன்னே என் இடுப்பிலேயே வளர்ந்த குழந்தை. என்னைத்தான் முதலில் சித்தி என்று கூப்பிடப் பழகினாள். பகலவன் என் கையைப் பிடித்தார்.

"வுடு எழிலு. இதயே எடுத்துக்கினு வா. இல்லன்னா அண்ணன் கரும்பே வெக்கட்டும்."

நான் கையை உதறினேன். "பொடிச எடுத்துக்கினு போயி நட்டா ஆடியில மறுபடியும் தேமலு. அப்ப கொல்லயும் போவும். கொல்ல போன பின்னாடி இந்த வாசப்படிக்கு நான் கூலி கேட்டுத்தான வருவேன்? அதுக்கு மிதிக்காமயே இருக்கேன்."

செல்லமுத்து பெண்டாட்டியைப் பார்த்தார். "பொடிசக் குடு. வாங்குனா வாங்கட்டும், இல்லன்னா போவட்டும்."

விஜயலட்சுமி உள்ளே போனாள். போனவள் கிழங்கு வெட்டுகிற கத்தியோடு வந்தாள். நீலத் துண்டுக் குவியல் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இருப்பதிலேயே பெரிய கிழங்கை மடியில் இழுத்து வைத்து, நடு முளையில் கத்தியை இறக்கினாள்.

"ஏய், கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று செல்லமுத்து எழுந்தார்.

"நீ உக்காரு." புருஷனை அவள் ஒருமையில் அதட்டி நான் கேட்டது அன்றைக்குத்தான். "தெரு பூரா என் கையில நோவுன்னு பேச வெச்சிட்டா. இவளுக்கு எதக் குடுத்தாலும் இனிமே அந்தப் பேச்சுதான் நிக்கும். இவ கொல்லயில ஒரு எல தேமலு வரக்கூடாது. அப்பறம் எவ வாயத் தொறக்குறான்னு பாக்குறேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உனுக்காக இல்ல. நெனச்சிக்கினு போவாத."

"நெனைக்கல."

"கூடையத் தள்ளு."

பொழுது சாய்கிறவரை வெட்டினாள். ஒவ்வொரு துண்டிலும் முளை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துப் போட்டாள். ஒவ்வொரு துண்டோடும் எனக்கு ஒரு வசவும் விழுந்தது. பச்சைச் சேனையை இவ்வளவு நேரம் வெட்டினால் கை என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முழங்கை வரை சிவந்து தடித்துவிட்டது. பகலவன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "அண்ணி, கையில தடவிக்கினு வெட்டுங்க" என்றார். அதைத் தட்டிவிட்டாள். நான் அவள் வெட்டிப் போட்டதைச் சாணிக் கரைசலில் முக்கி முக்கி எடுத்தேன். பாகம் பிரித்த பிறகு இரண்டு பேரும் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

நீலத் துண்டுக் குவியல் தீர்ந்துபோனது. அவளுடைய நடவுக்கு மிஞ்சியது சாம்பல் குவியல்தான். அதில் பாதிக்கு மேல் பொடிசு. நான் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. நான் ஏன் திறக்க வேண்டும்? கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "இன்னியோட தீந்துது, போ" என்றாள். போனேன்.

ஆடி வந்தது. என் கொல்லையில் இலை விரிந்தது, ஒரு திட்டு இல்லாமல், எண்ணெய் தடவின மாதிரி பச்சையாக. மார்கரெட் வந்து பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்தாள். பகலவன் கரும்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, கொல்லைக்கு இது வேண்டுமா அது வேண்டுமா என்று கேட்க ஆரம்பித்தார். நிலம் என்னுடையது. இனி எவனும் கேட்க முடியாது.

ஆனால் வரப்பில் எருமை இல்லை. அதை வீட்டுக்குப் பின்னால் கட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் களை பிடுங்குவேன், தண்ணீர் கட்டுவேன், மக்காச்சோளத்துக்கு அந்தப் பக்கம் அவள் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். ஒரு வார்த்தை வராது. என் மண்வெட்டியிடம் நானாக ஒரு நாள் ஏதோ சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை. கல்யாணப் பத்திரிகை தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்தது, எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. தட்டில் மஞ்சள் குங்குமத்தோடு விஜயலட்சுமி போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அழுகை வந்தது. எனக்கு அவள் மேல் பாசம் என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பேன். ஆனால் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சோளத் தட்டை வழியாக அவள் கொல்லையைப் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில் மஞ்சள். தட்டையை விலக்கிக்கொண்டு பார்த்தேன். அங்கே ஒன்று, அதற்கு அந்தப் பக்கம் இரண்டு, வாய்க்கால் ஓரம் ஒரு வரிசை. பொடிசு நட்ட இடம் எல்லாம் தேமல். கல்யாண வேலையில் அவள் கொல்லைப் பக்கமே வரவில்லை போலிருக்கிறது. இப்படியே விட்டால் அசுவினி ஏறி முழுக் கொல்லையும் போகும், அப்புறம் எனக்கும் வரும்.

மறுநாள் காலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பைத் தாண்டினேன். யாரையும் கேட்கவில்லை. முதல் செடியை இலையோடு பிடித்து, கிழங்கோடு இழுத்தேன். இரண்டாவதை இழுத்தேன். வரப்பில் வீசாமல் ஒரு பக்கமாகக் குவித்தேன். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் கரையில் அவள் ஓடிவருவது தெரிந்தது. கையில் ஒன்றும் இல்லை. அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து, குனிந்தபடியே இருந்தேன்.

பிடுங்கிப் போட்ட இலையை எடுத்து விரித்துப் பார்த்தாள். கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள். நான் அடுத்த செடியைப் பிடித்தேன்.

"ஏய்! அத வுடுடி. நல்ல செடி அது. கண்ணு அவிஞ்சா போச்சு?"

பார்த்தேன். நல்ல செடிதான். கையை எடுத்தேன்.

"எவ கொல்லையில எவ வந்து கை வெக்கிறது? அறிவில்ல? பங்காளியும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஊரான் கொல்லையில எறங்கிட்டா. கேக்க ஆளு இல்லன்னு நெனச்சிக்கினியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். புடவையைச் செருகிக்கொண்டு எனக்கு எதிர் வரிசையில் குனிந்தாள். வாய் நிற்கவில்லை.

நானும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே அடுத்த செடியைப் பிடுங்கினேன்.